காபன் உறைக்குள் இரும்புத் துணிக்கை: மாறியது மாதிரியா, கற்றை மாற்றியதா?

வந்தாறுமூலை மாணவி

வணக்கம். சிரட்டைக்கரியை இரும்பு நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, நைதரசன் ஓட்டத்தில் உயர் வெப்பநிலைக்குச் சூடாக்கியபோது, கிரபைற்று உறைக்குள் அடைபட்ட இரும்புக் காபைட்டுத் துணிக்கைகள் கிடைத்தன. அணுக்களின் ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கோணலில் கிரபைற்று, இரும்புக் காபைட்டு இரண்டினதும் உச்சிகள் தெளிவாக உள்ளன. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி, ஊடுகடத்தல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் 200 கிலோவோல்ற்றில் படமெடுப்பித்தோம். ஒரே துணிக்கையின் முதற்படத்தில் 0.34 நனோமீற்றர் இடைவெளியுடன் வரிவரியாகத் தெரிந்த உறை, பிந்திய படங்களில் கலங்கித் தெரிகிறது. கூரிய முனைகளுடன் இருந்த துணிக்கையும் உருண்டுவிட்டது. உறை பளிங்குருவற்றது (அணுக்கள் ஒழுங்கின்றி அமைந்தது) என்று அறிக்கையில் எழுதலாமா, அல்லது இது நுணுக்குக்காட்டியின் இலத்திரன் கற்றையின் வேலையா?

கல்முனை, பௌதிகம்

தங்கச்சி, பளிங்குருவற்றது என்று எழுதிவிடாதீர்கள்; உங்கள் கோணல் முடிவே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இலத்திரன் ஓர் அணுக்கருவுடன் நேருக்கு நேர் மோதித் திரும்பும்போது கையளிக்கக்கூடிய உச்ச சக்தியைக் கணக்கிட்டால் விடயம் விளங்கும். 200 கிலோவோல்ற்றில் காபன் அணுவுக்கு ஏறத்தாழ 44 இலத்திரன்வோல்ற்று கிடைக்கிறது. ஒழுங்கான கிரபைற்றுத் தளத்திலிருந்து அவ்வணுவைப் பெயர்ப்பதற்கோ, அமைப்பைப் பொறுத்து 17 முதல் 22 வரை போதும். எனவே படம் எடுக்கும் ஒவ்வொரு கணமும் உறையிலிருந்து அணுக்கள் கழன்றுகொண்டிருக்கின்றன. அறை வெப்பநிலையில் அந்த வெற்றிடங்கள் ஆறுவதில்லை. அவை சேரச் சேர வரிகள் நெளிந்து, முறிந்து, இறுதியில் கலங்கிவிடும்.

அதே கற்றை இரும்பணுவுக்குக் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 9.4 மட்டுமே. துணிக்கையின் உள்ளே இருக்கும் அணுவைச் சாலகத்திலிருந்து, அதாவது ஒழுங்கான அணு அடுக்கிலிருந்து, பெயர்க்க அது போதாது. ஆயினும் மேற்பரப்பிலுள்ள அணுக்களை இடம்மாற்ற அது தாராளம். உங்கள் துணிக்கையின் முனைகள் மழுங்கியது இதனாலேயே என்பது என் கணிப்பு. உறைக்குள் தங்கம் இருந்திருந்தால் இந்த எண் 2.7 அளவுக்கு இறங்கியிருக்கும்.

சம்மாந்துறை ஆய்வாளன்

அஸ்ஸலாமு அலைக்கும். சேர் சொன்ன கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை; ஆனால் கற்றை ஒரே இடத்தில் குவியும்போது துணிக்கை சூடேறி உருகத் தொடங்கியிருக்க முடியாதா? மிகச் சிறிய துணிக்கைகளின் உருகுநிலை குறைவு என்பதும் தெரிந்ததே.

கல்முனை, பௌதிகம்

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. கிரபைற்று நல்ல வெப்பக்கடத்தி. துணிக்கை, மாதிரியைத் தாங்கும் வலையுடன் நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பநிலை உயர்வு பொதுவாகச் சிறிதாகவே இருக்கும், ஆகவே முதற் சந்தேகத்தை மோதலின் மீதே வைக்க வேண்டும். வெப்பத்தின் உண்மையான பங்கு வேறொன்று. மாதிரியை வேண்டுமென்றே 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி வைத்துக் கற்றையைப் பாய்ச்சினால், வெற்றிடங்கள் உடனுக்குடன் மூடப்பட்டு உறை ஒழுங்காகவே நிற்கும். ஆனால் அணுக்களை இழந்தபடியே மூடுவதால் அது சுருங்கி, உள்ளே இருப்பதை நெரிக்கும். 1996 இல் பன்ஹார்ட்டும் அஜயனும் காபன் வெங்காயங்களை (ஒன்றினுள் ஒன்றாக அடுங்கிய கோள வடிவக் கிரபைற்று உறைகளை) ஏறத்தாழ 700 பாகையில் இவ்வாறு கதிர்வீசி, அவற்றின் மையத்தில் வைரம் உருவாவதைக் காட்டினார்கள். 2006 இல் பல்சுவர் நனோகுழாய்க்குள் இருந்த இரும்புக் காபைட்டு, ஏறத்தாழ 600 பாகையில் சுருங்கிய சுவரினால் நீண்டு பிதுங்குவதை அவ்விருவரும் அடங்கிய ஒரு குழுவினர் பதிவு செய்தார்கள். அங்கே அழுத்தம் 40 கிகாபஸ்கால் வரை சென்றிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. உங்கள் மாதிரி சூடாக்கப்படாததால் இந்த நெரிப்பை அதில் தேட வேண்டியதில்லை.

வந்தாறுமூலை மாணவி

மிக்க நன்றி சேர். அப்படியானால் 80 கிலோவோல்ற்றில் மீண்டும் எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

சம்மாந்துறை ஆய்வாளன்

பெருமளவு குறையும், முற்றாகத் தீராது. 80 இல் காபனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15.8 தான், நல்ல தளங்கள் தாங்கிவிடும். ஆனால் விளிம்பிலும் குறைபாடுகளின் அருகிலும் உள்ள அணுக்கள் அதைவிடக் குறைந்த சக்தியிலேயே கழலும். உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்சுவரின் பிணைப்பும் பலவீனப்பட்டிருக்கலாம். மேலும் வோல்ற்றளவு குறையக் குறைய அயனாக்கத்தினால் வரும் சேதம் கூடும். உறையின் மேற்பரப்பில் ஒட்சிசன், ஐதரசன் கூட்டங்கள் எஞ்சியிருந்தால் அவை முதலில் பாதிக்கப்படும்.

இன்னொன்றையும் பாருங்கள். வரிகள் அதே இடத்தில் நின்று கலங்கியுள்ளனவா, அல்லது அவற்றின் வெளியே புதிதாக ஒரு மங்கற்படை தடித்து வளர்ந்துள்ளதா? பின்னையது மாதிரியில் எஞ்சிய ஐதரோகாபன்கள் கற்றையினால் படிந்த அழுக்கு. உறையின் சேதம் அன்று. இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள், வாசிக்கும் எமக்குத்தான் தலைவலி.

கல்முனை, பௌதிகம்

மிகவும் தேவையான குறிப்பு. அடுத்த முறை படமெடுப்பவரிடம், பக்கத்து இடத்தில் குவியத்தைச் சரிசெய்துவிட்டு, கற்றை படாத துணிக்கைக்கு நகர்ந்து உடனே முதற்படத்தை எடுக்கச் சொல்லுங்கள். பின்னர் அதே துணிக்கையைச் சம இடைவெளியில் தொடர்ந்து எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கற்றையின் அடர்த்தியையும் கழிந்த நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் முதற்படத்தை மாதிரியின் அமைப்பாகவும், தொடரைக் கற்றையின் விளைவாகவும் தனித்தனியே கொடுத்தால் பரிசோதகர் கேட்க நினைக்கும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருக்கும்.