சர்க்கரை உள்ள பிள்ளைக்கு யூரிக் ஆசிட் கூடினால்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடி அம்மா:
என் மகனுக்கு 15 வயசு, டைப் 2 சர்க்கரை. தை மாசம் எடுத்த ரத்த டெஸ்ட்ல யூரிக் ஆசிட் 7.6. மருந்துக்கடையில் காட்டினதுமே, "இது வாத நீர், தினம் ஒண்ணு போடுங்க"ன்னு மாத்திரை அட்டையை நீட்டிட்டாங்க. மூட்டு வலி, வீக்கம் எதுவுமே இல்லாத பிள்ளைக்கு எதுக்குன்னு வாங்காமல், மதுரையில் பிள்ளைகளுக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

அவர் முதலில் கேட்டது பிரஷரும் யூரினும்தான். கைக்குச் சரியான அளவுப் பட்டை கட்டி, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்துப் பார்த்தாங்க: 134/84. 13 வயசுக்கு மேல் 130/80 வந்தாலே கூடுதல், ஆனா ஒரே நாளில் முடிவு பண்ணமாட்டோம்னாங்க. யூரின் அல்புமின், அதாவது கிட்னி வழியா கசியிற புரதம், 30க்குள் இருக்கணும், இவனுக்கு 46.

ஏன் இதெல்லாம் பார்க்கிறாங்கன்னு பொறுமையா விளக்கினார். அமெரிக்காவில் 10 முதல் 17 வயசுக்குள் டைப் 2 உள்ள 699 பேரை வைத்து 'டுடே'ன்னு ஒரு ஆய்வு நடந்திருக்கு. யூரிக் ஆசிட் கூடுதலா இருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் ரத்தக்கொதிப்பும், சிறுநீரில் அல்புமினும் வர வாய்ப்பு அதிகம்னு 2019ல் எழுதியிருக்காங்க. யூரிக் ஆசிட்தான் காரணமா, இல்லை உடல் பருமனோடு சேர்ந்து வர்ற அடையாளமாங்கிறது இன்னும் தீரலைன்னும் சொன்னார். அதனால அந்த எண்ணைக் குறைக்க ஓடுறதைவிட, இதயத்தையும் கிட்னியையும் இப்பவே கவனிக்கணும். எனக்கு மனசில் நின்னது இதுதான்.

கூட வந்த எங்க அத்தை, "பேரனுக்கு ஞாயித்துக்கிழமை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுவல் இல்லாமச் சோறு இறங்காதே"ன்னாங்க. "ஆச்சி, சுவரொட்டி, ஈரல், நெத்திலி எல்லாத்தையும் எப்பவாவது வச்சுக்கங்க. அதைவிட முதல்ல கலர் பாட்டிலை, அந்த இனிப்பு சோடாவை நிறுத்துங்க"ன்னார் டாக்டர். கலரில் உள்ள சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதை உடைக்கிறபோது யூரிக் ஆசிட் உண்டாகுதாம். எங்க பக்கத்துக் கல்யாணம், சடங்குன்னா கலர் கணக்கில்லாமல் ஓடும், யாரும் அதைச் சாப்பாட்டில் சேர்க்கிறதே இல்லை.

தேவகோட்டை அப்பா:
எங்க பொண்ணுக்கு டைப் 1. அவளுக்கு யூரிக் ஆசிட் குறைவாத்தான் வந்துச்சு. நல்லதுதானேன்னு கேட்டேன். "சர்க்கரை ஏறி யூரின்ல போகும்போது யூரிக் ஆசிடையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும், அதனால குறைவா இருக்கிறதை வச்சு நிம்மதியா இருக்காதீங்க"ன்னாங்க. அப்போ அவளுக்கு மூணு மாசச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 10க்கு மேல.

காரைக்குடி அம்மா சொன்ன அந்த மருந்துக்கடை மாத்திரை, யூரிக் ஆசிடைக் குறைக்கிற அலோபூரினாலாத்தான் இருக்கும். டைப் 1 உள்ள பெரியவங்க 530 பேருக்கு மூணு வருஷம் அதைக் கொடுத்துப் பார்த்து 2020ல் முடிவு வெளியிட்டாங்க. யூரிக் ஆசிட் குறைஞ்சது, ஆனா கிட்னி வேலை குறைஞ்சுக்கிட்டே போறது நிக்கலை. பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுத்துடாதீங்கம்மா. சிலருக்குத் தோலெல்லாம் வெந்து போற அளவுக்கு ஒவ்வாமை வரும்.

கோட்டையூர், லேப் வேலை:
ஒரு விஷயம். வெறும் 'யூரின் டெஸ்ட்'னு கேட்டா நிறம் மாறுற சோதனைக் காகிதப் பட்டையை யூரின்ல முக்கிப் பார்ப்பாங்க, லேசான அல்புமின் கசிவு அதில் தப்பிடும். 'அல்புமின் கிரியாட்டினின் விகிதம்'னு சீட்டில் எழுதி வாங்குங்க. காலையில் எழுந்ததும் போற முதல் யூரின்தான் நல்லது. காய்ச்சல், யூரின் கிருமித் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் விளையாட்டு இருந்தால் தள்ளிப்போடுங்க, பொய்யா ஏறிக் காட்டும். மூணு தடவையில் ரெண்டு கூடுதலா வந்தால்தான் உறுதி. டைப் 2 பிள்ளைகளுக்குச் சர்க்கரை தெரிஞ்ச அன்னைக்கே இதைப் பார்க்கணும், அப்புறம் வருஷா வருஷம்.

பள்ளத்தூர் சித்தி:
காரைக்குடிக்காரவுகளே, மகனுக்கு இப்ப மாத்திரை ஏதும் உண்டா?

காரைக்குடி அம்மா:
ஆமா சித்தி. திரும்ப எடுத்த யூரினும் கூடுதல், பிரஷரும் இறங்கலை. எனலாப்ரில் ஆரம்பிச்சிருக்காங்க, பிரஷரையும் குறைக்கும், அல்புமின் கசிவையும் குறைக்குமாம். அடுத்து ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கணும். தலைவலி, கால்வலின்னு வலி மாத்திரை தானா வாங்கிப் போடக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க.