தலையில் இலேசான அடி: மலையகத்தில் சிகிச்சை ஆய்வு செய்பவர்களுக்கு எதிர்ப்படுபவை

ஹட்டன் பிசியோ:
தலையில் இலேசாக அடிபட்டவரைத் தேற்ற மாத்திரை தேடிய ஆய்வுகள் கைவிட்ட இடத்தில் கொஞ்சமாவது நிலைத்து நிற்பது அளந்து கொடுக்கும் பயிற்சிதான். அமெரிக்காவின் பஃபலோவில் லெடி குழுவினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் அடிபட்ட 13 முதல் 18 வயதுவரையான பிள்ளைகள் 103 பேர். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 20 நிமிடம் நாடித்துடிப்பை ஏற்றும் பயிற்சி, மற்றதற்குத் தசை நீட்டல் மட்டும். தேற எடுத்த காலத்தின் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பயிற்சிப் பிரிவில் 13 நாள், மற்றதில் 17 நாள்.

அளவு பிடிப்பது ட்ரெட்மில்லில். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 1 சதவீதம் சரிவை ஏற்ற வேண்டும். தலைவலியோ கிறுகிறுப்போ 10க்கு இத்தனை என்று சொல்லும் அளவுகோலில் 3 புள்ளி கூடினால் நிறுத்தம். அந்த நேரத்து நாடித்துடிப்பில் 80 சதவீதம்தான் பயிற்சியின் எல்லை: 140இல் நின்றால் 112.

கெட்டுப்போவது இதற்குப் பிறகு. "20 நிமிடம் நடக்கவும்" என்று துண்டில் எழுதி அனுப்பினால், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டிலேயே 112 தாண்டிவிடும். தலை வலிக்கும், ஆள் நிறுத்திவிடுவார், நாம் "பயிற்சி பலன் தரவில்லை" என்று பதிவோம். பாடசாலை மைதானம், ஃபெக்டரி முற்றம் என்று இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். நம்ம பக்கம் சமதரை என்றால் எல்லோருக்கும் ரயில் பாதைதான் ஞாபகம் வரும். தலைச்சுற்று உள்ளவரை அங்கே அனுப்பாதீர்கள். இறக்கத்தில் நடப்பதும் கணக்கில் சேராது. நாடி ஏறாது, ஆனால் ஒவ்வொரு அடியும் கழுத்தைக் குலுக்கும்.

நுவரெலியா காலைக் குளிரில் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரை நம்ப வேண்டாம். விரல் சில்லிட்டால் இரத்த ஓட்டம் குறைந்து எண் தாறுமாறாகும். நின்றவுடன் மணிக்கட்டில் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். தலைவலிக்குப் புரொப்ரனலோல் எடுப்பவருக்கு இந்த 80 சதவீதக் கணக்கைப் போடுமுன் யோசியுங்கள். அந்த மாத்திரையே துடிப்பைக் கட்டிப்போடும். இடையில் அளவை மாற்றினால் பழைய எல்லை பிழைத்துவிடும்.

தோட்ட மருந்தகம்:
சேர் சொன்ன கழுத்து விஷயத்தை நான் இழுத்துப் பேச வேண்டியிருக்கிறது. ட்ரெட்மில்லில் களைக்கும்வரை நடந்தும் தலைவலி கூடவில்லை, ஆனால் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியதும் பிடரியிலிருந்து வலி ஏறுகிறது என்றால், நோவு கழுத்திலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்கு நடை அளவைக் கூட்டிக் குறைப்பதில் பயனில்லை. ஷ்னைடர் குழுவின் 2014 ஆய்வு சிறியதுதான். ஆனாலும் கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேர் 8 வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்ற அனுமதி பெற்றார்கள். மற்றப் பிரிவில் 14 பேரில் ஒருவர்தான். கொழுந்து எடுப்பவரை ஆய்வில் சேர்த்தால், கூடையை எப்போது மறுபடி தூக்கினார், கயிறு தலையிலா தோளிலா என்று படிவத்தில் தனிக் கட்டம் வைக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது குளவி. குளவி கலைந்து ஓடும்போது கானில் (வடிகாலில்) விழுந்து தலையடிபட்டவரிடம் எல்லாம் குழம்பும். வாந்தியும் மயக்கமும் கொட்டின ஒவ்வாமையாலும் வரும், மண்டை அடியாலும் வரும். ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் வயது வந்தவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் முதலில் போக வேண்டும், ஆய்வு காத்திருக்கட்டும். ஒவ்வாமை மருந்தான பிரிட்டோன் போட்டால் ஆள் தூங்கிவழிவார். போட்ட நேரத்தை எழுதாமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால், அங்கே சுயநினைவுப் புள்ளி (முழு நினைவுக்கு 15) குறைந்ததாகப் பதிவார்கள்.

வாட்டு மிஸ்:
ஆமாம், அந்த நேரக் குறிப்பு இல்லாமல்தான் பெரும்பாலும் வருகிறார்கள். தலையடிபட்ட யாருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று சொல்லும் கனடா விதியில் உள்ள காரணங்களில் இரண்டு: அடிபட்டு 2 மணி நேரமாகியும் புள்ளி 15க்கு வராதது, இரண்டு தரமோ அதற்கு மேலோ வாந்தி. குளவி கொட்டியதாலும் பிரிட்டோனாலும் இவை இரண்டும் வரலாம். ஆனாலும் சந்தேகமென்றால் படம் எடுப்பதுதான் சரி.

இரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சமிக் அமிலம் பற்றி வீட்டாரே கேட்கிறார்கள். 12,737 பேரைச் சேர்த்த கிராஷ்-3 ஆய்வு 2019 இல் வந்தது: 1 கிராம் 10 நிமிடத்தில், இன்னொரு கிராம் 8 மணி நேரத்தில். 3 மணி நேரத்துக்குள் தொடங்கியபோது, இலேசான, நடுத்தர அடிபட்டவர்களில் தலையடியால் வந்த மரணம் குறைந்தது (ஒப்பீட்டு ஆபத்து 0.78, அதாவது 100 மரணம் வரும் இடத்தில் 78). இலேசான அடியில் அந்த ஆய்வு எடுத்தது சி.டி.யில் இரத்தக்கசிவு தெரிந்தவர்களை மட்டும். படம் சுத்தமாக இருந்து தலைவலி மாத்திரம் உள்ளவருக்கு இதை நீட்டக்கூடாது.

சம்மதம் வாங்கும்போது புள்ளி 15 என்றதும் கையெழுத்துக்கு ஓடாதீர்கள். தெளிவாகப் பேசுவார், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. விளக்கியதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள், அடுத்த நாள் மறுபடி கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பெருவிரல் அடையாளத்தோடு ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சியும் வேண்டும். கங்காணி (வேலை மேற்பார்ப்பவர்) வேண்டாம், அவர் முன்னால் யார் மாட்டேன் என்பார்கள்?

தரவுக்காரன்:
தலையடிக்குப் பிந்திய அறிகுறிகளை அளக்கும் ரிவர்மீட் கேள்வித்தாளில் 16 அறிகுறி, 0 முதல் 4 வரை. 1 என்றால் முன்பு இருந்தது, இப்போது கூடவில்லை என்று அர்த்தம். கூட்டும்போது அது 0 ஆகும். "தலை வலிக்குதா, அசதியா?" என்று சும்மா கேட்டால் எல்லோரும் 2, 3 தான். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு அசதி அடிபடுவதற்கு முன்பே உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் "விழுவதற்கு முன்னை விட" என்று சேர்த்துச் சொல்லவேண்டும், பதினாறு தரமும்.

வாட்டு மிஸ்:
அண்ணன், ஒரே லயத்தில் இரண்டு பேர் வேறு வேறு பிரிவில் வந்தால் என்ன செய்வது? ஒருத்தி நடப்பதைப் பார்த்து மற்றவளும் நடக்கிறாளே.

தரவுக்காரன்:
யார் எந்தப் பிரிவு என்று ஆளை ஆளாகக் குலுக்கிப் போடாமல் டிவிஷனாகக் (தோட்டத்தின் ஒரு பகுதி முழுவதுமாக) குலுக்குங்கள், மிஸ். விலை உண்டு: ஒரு டிவிஷனுக்கு 10 பேர், உள்தொடர்புக் குணகம் (ஒரே டிவிஷன் ஆட்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்று வைத்தால் ஆட்தொகை 1 + 9 × 0.05 = 1.45 மடங்கு. 100 பேர் போதும் என்ற இடத்தில் 145 பேர். பயிற்சியை யாரிடமும் மறைக்க முடியாது என்பதால் புள்ளி எடுப்பவருக்காவது எந்த டிவிஷன் எந்தப் பிரிவு என்று தெரியக்கூடாது. அமெரிக்கப் படையினரிடம் நடந்த உயரழுத்த ஒட்சிசன் (அழுத்தம் கூட்டிய அறையில் ஒட்சிசன் கொடுப்பது) ஆய்வில் பொய்ச் சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவு தேறினார்கள், அதனால் பயிற்சி பெறாத எதிர்ப்பிரிவுக்கும் அதே அளவு கவனிப்பு போகவேண்டும். முதல் ஆளைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இந்தக் குலுக்கல் முறையையும் எழுதிவிடுங்கள். மூன்றாம் மாதச் சந்திப்பை வேலை நாளில் வைக்காதீர்கள், அன்றைய வேலைப் பதிவில் பேர் விழாமல் போனால் வரமாட்டார்கள்.