நைனர்ஸ் ஏன் இப்படி விழுந்தது, விழுந்ததும் ஏன் இத்தனை பேரை அனுப்பிவிட்டார்கள்?

ராயபுரம்_19:

வணக்கம் நண்பர்களே, அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே கேட்கிறேன். எங்கள் அண்ணன் சாண்டா கிளாராவில் வேலை பார்க்கிறார், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் ஆடும் லீவைஸ் ஸ்டேடியம் அவர் வீட்டுக்குப் பக்கம். 2021 சீசன் முடிந்து ஊருக்கு வந்தபோது டீபோ சாமுவேலின் 19 ஆம் நம்பர் ஜெர்சி வாங்கி வந்தார். அந்த வருஷம் டீபோ பந்தைப் பிடித்து 1,405 யார்டு எடுத்ததும், பிடிக்கிற ஆளாக இருந்துகொண்டே கையில் வாங்கி ஓடியும் 8 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) போட்டதும் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே பிடித்தது.

2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, நம் நேரத்துக்குத் திங்கட்கிழமை காலை 5 மணி. கான்சாஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்றார்கள். அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. சரி, இவ்வளவு பக்கத்தில் வந்த அணி, அடுத்த வருஷம் அடித்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த சீசன் 17 ஆட்டத்தில் 6 வெற்றி, 11 தோல்வி, தங்கள் பிரிவில் கடைசி இடம். அதற்கு முந்தைய சீசனில் இதே அணி 12 வென்றது.

சரி, அடிபட்டவர்கள் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தால், இந்த 2025 மார்ச்சில் ஒவ்வொருவராக அனுப்புகிறார்கள். டீபோ வாஷிங்டனுக்கு, கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வருக்கு, சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிசுக்கு, ஆரன் பேங்க்ஸ் கிரீன் பேக்கு. ஹார்கிரேவ், மாலிக் காலின்ஸ், லெனார்டு ஃபிளாய்டு மூவரையும் விடுவித்துவிட்டார்கள். அதிலும் டீபோவுக்குப் பதிலாக, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றே ஒன்று. ஒரு மோசமான சீசனுக்கு இவ்வளவு பெரிய கலைப்பு தேவையா? எனக்குப் புரியவே இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு_விசைப்படகு:

தம்பி, டீபோ கணக்கை நம் துறைமுகத்துக் கணக்கில் சொல்கிறேன், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். போட்டுக்கு ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுக்கிறோம், அதைப் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறோம். ஆள் நடுவில் வேறு போட்டுக்குப் போய்விட்டால், கழியாத முன்பணம் நம் தலையில்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒப்பந்தம் போடும்போது கொடுக்கிற போனஸும் அப்படித்தான். ரொக்கமாகக் கைக்கு முதலிலேயே போய்விடும், ஆனால் கணக்கில் அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம். வீரர் நடுவில் போனால் எழுதாமல் மிச்சமிருப்பது மொத்தமும் கணக்கில் வந்து விழும். நைனர்ஸ் டீபோவின் சம்பளத்தைத் திரும்பத் திரும்ப போனஸாக மாற்றி அடுத்தடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள், அதனால் அவர் வாஷிங்டனில் ஆடப்போகிற 2025 இல் இவர்கள் கணக்கில் அவர் பேரில் 3 கோடி டாலருக்கு மேல் கிடக்கிறது. இதைக் கேட்டு எனக்கே வயிறு எரிந்தது.

ஏன் தள்ளினார்கள் என்று கேட்டால், அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிற குவாட்டர்பேக் பிராக் பர்டி 2022 டிராஃப்டில் 262 ஆவது ஆள், அதாவது கடைசி ஆள். கடைசியாகத் தேர்வானவருக்கு என்ன சம்பளம் வரும்? 2024 இல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 9,85,000 டாலர். அதே வருஷம் டாலஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் வருஷத்துக்கு 6 கோடி டாலர் கணக்கில் கையெழுத்துப் போட்டார். ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்க 2024 இல் உச்சவரம்பு 25.54 கோடி டாலர். குவாட்டர்பேக்குக்குப் போகவேண்டிய பணம் மிச்சமானதால்தான் ட்ரெண்ட் வில்லியம்ஸ், மெக்காஃப்ரி, போசா, வார்னர், கிட்டில், டீபோ, அயுக் என்று நட்சத்திரங்கள் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க முடிந்தது. அந்த வாய்ப்பில் ஒரு கோப்பை அடித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோப்பை வரவில்லை. 2025 வந்ததும் பர்டிக்குப் பெரிய ஒப்பந்தம் போடவேண்டிய நேரம். 2025 இல் உச்சவரம்பு 27.92 கோடியாக ஏறியிருக்கிறது, அந்த ஏற்றம் இந்தப் பழைய பாக்கிக்கெல்லாம் எந்த மூலைக்கு?

இந்த அனுப்புதல் 6-11 க்குத் தண்டனை இல்லை தம்பி. லாஸ் வேகஸில் அன்று அந்த சூப்பர் பௌலை ஜெயித்திருந்தாலும் இதில் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

வியாசர்பாடி_ஸ்டாப்பர்பேக்:

அண்ணன் சொன்ன பணக் கணக்கு சரி. ஆனால் அதை மட்டும் சொன்னால் ஆடியவர்கள் தப்பித்துவிடுவார்கள், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் சின்ன வயசிலிருந்து இங்கே கால்பந்து ஆடுகிறவன், இப்போது பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்னிலையில் இருந்து தோற்பது வேறு வியாதி. ராம்ஸோடு கடைசி கால்பகுதியில் 24-14, தோற்றது 24-27. அரிசோனாவோடு சொந்த மைதானத்தில் இடைவேளையில் 23-10, அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட எடுக்காமல் 23-24. சியாட்டிலோடு 12 வினாடி இருக்கும்போது அவர்கள் குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தை ஓடவிட்டு 17-20. இந்த மூன்றையும் பிடித்திருந்தால் 9-8. மூன்றுமே சொந்தப் பிரிவு அணிகள், அந்தப் பிரிவில் ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தார்கள். பந்தை உதைக்கிற ஜேக் மூடி, கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலில் 34 முயற்சியில் 24 தான் போட்டார், அவருக்கும் நடுவில் கணுக்காலில் அடி, இருந்தாலும் இவ்வளவு தவறினால் எந்த அணி தாங்கும்? உதைக்கிற ஆட்டங்களைப் பார்க்கும் சிறப்பு அணிகளின் பயிற்சியாளரை மாற்றியது முதல் நல்ல காரியம். 2025 சீசனுக்குத் தடுப்பாட்டப் பயிற்சியாளராக ராபர்ட் சாலேயைத் திரும்பக் கொண்டுவந்தது இரண்டாவது. 2017 இலிருந்து 2020 வரை இதே வேலையை இங்கே பார்த்தவர், 2024 அக்டோபரில்தான் நியூயார்க் ஜெட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கியது.

ஆனால் எனக்கு நிஜமான கோபம் 2021 மேல். ட்ரே லான்ஸ் என்ற ஒரு குவாட்டர்பேக் பையனை டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுக்க மியாமிக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தார்கள். அவர் நிலைக்கவில்லை, 2023 இல் டாலஸிடம் ஒரு நாலாம் சுற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு நடுவே 2022 இல் பந்தோடு ஓடுகிற மெக்காஃப்ரியை வாங்க இரண்டாம், மூன்றாம், நாலாம், ஐந்தாம் சுற்றுகள் போயின. அது நல்ல வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2022, 2023 இரண்டு வருஷமும் முதல் சுற்றில் ஒரு ஆள்கூட எடுக்கவில்லை. எங்கள் ஏரியாவில் கேட்டுப் பாருங்கள், பெரிய பசங்க ஆடும்போதே ஓரத்தில் பத்து வயசுப் பசங்களுக்குப் பயிற்சி நடக்கும், பெரியவன் வேலைக்குப் போய்விட்டால் அந்த இடத்துக்கு அடுத்தவன் தயாராக இருக்கவேண்டும் அல்லவா? நைனர்ஸில் அந்த வரிசை அறுந்துபோயிருந்தது. மேலே இருந்தவர்களுக்கு அடிபட்டதும் கீழே ஆளில்லை.

அதற்காக மொத்தமாகக் கலைப்பதும் எனக்குச் சம்மதம் இல்லை. 2020 இல் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏழாவது இடம், முதல் தடவையாக பிளேஆஃப் போகவில்லை. ஊரே வயசானவர்கள் கூட்டம் என்று பேசியது. அடிப்படை அணியைக் கலைக்காமல் அடுத்த வருஷமே கோப்பையை எடுத்தார்கள். அந்தப் பொறுமை இங்கே ஏன் இல்லை?

பெரம்பூர்_லோகோ:

நான் பிசியோதெரபிஸ்ட், அதனால் அடிபட்டதைப் பற்றி நான் பேசியே ஆகவேண்டும். வியாசர்பாடித் தம்பி, ஐபிஎல் இரண்டு மாதம். இது உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம், பழைய ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் எழுவது இங்கே அவ்வளவு சுலபமில்லை. மெக்காஃப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 லீக் ஆட்டங்களில் மட்டும் ஓடியும் பிடித்தும் 339 தடவை பந்தோடு போனார், 2,023 யார்டு, 21 டச்டவுன். அதற்கு மேல் சூப்பர் பௌல் வரை மூன்று ஆட்டம். ஒவ்வொரு தடவையும் யாராவது விழுந்து அமுக்குகிறார்கள். 2024 இல் இரண்டு குதிகால் தசைநாரிலும் வீக்கம், முதல் 8 ஆட்டம் இல்லை. நவம்பரில் வந்தார், நாலாவது ஆட்டத்தில் பஃபலோ பனியில் முழங்கால் போய்விட்டது. பெஞ்சல் புயல் கரை கடந்து அப்போதுதான் ஒரு நாள் ஆகியிருந்தது, எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை, திங்கட்கிழமை காலை மாடியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அவர் எழுந்து நடந்த விதத்திலேயே சீசன் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அயுக்குக்கு அக்டோபரிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது, ஒப்பந்தத் தகராறில் முகாம் முழுக்கப் பயிற்சி எடுக்காமல் இருந்துவிட்டு நேராக ஆடவந்தவர். அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் தயாராகாத உடம்பை நான் அப்படி ஆட விடமாட்டேன்.

கிரீன்லா விஷயம்தான் என்னை ரொம்ப வாட்டுகிறது. சூப்பர் பௌலில் யாரும் அவரை இடிக்கக்கூட இல்லை, ஓரத்திலிருந்து மைதானத்துக்குள் ஓடிப்போகும்போது குதிகால் தசைநார் அறுந்தது. பத்து மாதம் உழைத்து டிசம்பரில் ராம்ஸ் ஆட்டத்துக்குத் திரும்பினார், வந்த உடனே தடுப்பாட்டமே வேறு மாதிரி ஆனது. இரண்டாம் பாதியில் முடியாமல் வெளியே வந்தபோது, அவர் இடத்தில் இறங்கச் சொன்னால் டிவாண்ட்ரே கேம்ப்பெல் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்! ஒருவர் பத்து மாதம் எதற்காக வலியைப் பொறுத்தாரோ, அந்த இடம் இன்னொருவருக்கு வேண்டாமாம். அந்த ஆளை அணி இடைநீக்கம் செய்தது முழுக்க நியாயம். டென்வருக்குப் போவதாகச் செய்தி வந்தபிறகும் கிரீன்லாவை நிறுத்திவைக்க அவரைத் தேடி டெக்சாஸ் வரை ஆள் போனார்களாம். அவர்களுக்கும் விட மனசில்லை என்றுதான் தெரிகிறது.

வார்டு போனதை யாரும் குறை சொல்லாதீர்கள். அக்டோபரில் ஒரு வயசு மகளைப் பறிகொடுத்தவர். அந்த ஊரில் இருந்தால் அந்த நினைவு விடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் எங்கே ஆடினாலும் நன்றாக இருக்கட்டும்.

ராயபுரம்_19:

மகளைப் பற்றி எனக்குத் தெரியாது அக்கா. பட்டியலில் வார்டு பெயரையும் சேர்த்துப் புலம்பியதற்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்று பேருக்கும் நன்றி. காசிமேடு அண்ணா முன்பணம் என்று சொன்னபிறகுதான் டீபோ கணக்கு மண்டையில் ஏறியது, அண்ணனுக்கு அப்படியே அனுப்பினேன். அவர் அங்கே டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவர், அவருக்கும் இது தெரியவில்லை. ஆனால் இன்னும் ஒரு கேள்வி. போனவர்கள் அளவுக்கு வந்தவர்கள் யாரும் இல்லையே? மாக் ஜோன்ஸ், டிமார்கஸ் ராபின்சன், லூக் ஃபாரெல். இதை வைத்து என்ன செய்வார்கள்?

காசிமேடு_விசைப்படகு:

பெரிய ஆள் யாரையும் வாங்காதது வேண்டுமென்றேதான் தம்பி. வெளியே இவ்வளவு பேர் போய், உள்ளே பெரிய விலைக்கு யாரும் வராமல் இருந்தால், அடுத்த வருஷ டிராஃப்டில் லீக் ஈடாகக் கூடுதல் தேர்வுகள் தரும். வியாசர்பாடித் தம்பி சொன்ன அறுந்த வரிசையை அப்படித்தான் திரும்பப் பின்னப் பார்க்கிறார்கள். 2024 டிராஃப்டிலேயே தொடங்கிவிட்டார்கள், டாமினிக் பூனி, ரெனார்டோ கிரீன், மாலிக் முஸ்தஃபா மூவரும் முதல் வருஷமே நின்று ஆடினார்கள். பந்து பிடிக்கிற ரிக்கி பியர்சால் ஆகஸ்டில் நெஞ்சில் துப்பாக்கிக் குண்டு வாங்கி அக்டோபரில் களத்துக்கு வந்த பையன், அவனை நம்பித்தான் டீபோவை விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஓடுகிறவருக்கு முன்னால் வழி திறந்துவிடும் ஃபுல்பேக் யூஸ்செக்கை விடுவித்துவிட்டு இரண்டு மூன்று நாளில் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள் பாருங்கள், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, எட்டு வருஷம் உழைத்தவரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

வியாசர்பாடி_ஸ்டாப்பர்பேக்:

ஈட்டுத் தேர்வு விஷயம் நான் யோசிக்காதது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடுப்பாட்ட முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் போசாவைத் தவிர இப்போது யார் இருக்கிறார்கள்? மூன்று பேரை ஒரே மாதத்தில் விட்டாயிற்று. இந்த 2025 டிராஃப்டில் 11 ஆவது தேர்வு கையில் இருக்கிறது, அதில் ஓடி வருகிற ஆள் பந்து பிடிக்கிற ஆள் என்று போகாமல் முன்வரிசைக்கு ஒரு முரட்டுப் பையனை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் சாலே வந்தும் பிரயோஜனம் இல்லை.

பெரம்பூர்_லோகோ:

முரட்டுப் பையன் சரி, முழங்கால் ரிப்போர்ட்டையும் பார்த்து எடுக்கட்டும். டிராஃப்ட் நம் நேரத்துக்கு எப்போது?

காசிமேடு_விசைப்படகு:

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. 15 ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், போட் கரையில்தான் நிற்கும், நான் வீட்டில்தான் இருப்பேன். ராயபுரம் தம்பி, முடிந்தால் இங்கே வந்துவிடுங்கள், சேர்ந்தே பார்க்கலாம். அந்த 19 ஆம் நம்பரைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.