ஏரி பச்சையா கிடக்கு, தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா போதாதா?

புதுக்குடி:
அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்து டொலீடோ பக்கம் குடிவந்து எங்களுக்கு இது முதல் கோடை. எங்க குழாய்த் தண்ணி ஈரி ஏரியிலிருந்துதான் வருது. ஞாயித்துக்கிழமை அந்த ஏரிக்குப் போனோம். கரையோரம் பச்சை பெயின்ட்டைக் கொட்டின மாதிரி, குடலைப் பிடுங்குற நாத்தம். மதுரையிலிருந்து வந்திருக்கிற அம்மா, "நல்லா கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது"ங்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சவே கூடாதுங்கிறார். எதைக் கேக்குறது?

குழாயடி:
எச்சரிக்கை எதுவும் இல்லேன்னா குழாய்த் தண்ணியைத் தாராளமா குடிங்க. எச்சரிக்கை வந்துட்டா பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. நான் ஒஹாயோவுல வேற ஒரு ஊர்க் குடிநீர் நிலையத்துல லேப் வேலை பாக்குறேன். அந்தப் பச்சை மைக்ரோசிஸ்டிஸ், நீலப்பச்சைப் பாசி. அதோட நஞ்சு மைக்ரோசிஸ்டின், கல்லீரலைத் தாக்கும். காய்ச்சினா பாசி சாகும், நஞ்சு அழியாது. பாசி உடைஞ்சு உள்ள இருந்ததும் வெளிய வந்துடும், தண்ணி வத்த வத்த நஞ்சு இன்னும் செறிவாகும். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி உங்க ஊர்லயே நாலு லட்சம் பேருக்கு மேல "குடிக்காதீங்க, காய்ச்சாதீங்க"ன்னு சொன்னாங்க. குழாய்த் தண்ணில நஞ்சு, வரம்பான லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டிடுச்சு. 4ஆம் தேதிதான் தடை நீங்குச்சு.

பாசி சீசன்ல நாங்க கார்பன் தூளை மூட்டை மூட்டையா போடுவோம், கரைஞ்ச நஞ்சு அதுல ஒட்டிக்கும். பாசியை உடைக்காம முழுசா வடிச்செடுக்கிறதுதான் பெரிய பாடு. ஏரியில காப்பர் சல்பேட் தூவிப் பாசியைக் கொல்லச் சொல்றவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும், பாசி உடைஞ்சு நஞ்செல்லாம் தண்ணில கலந்துடுமே.

சேலத்தான்:
வெயில்தானே காரணம்?

குழாயடி:
வெயில் கூடச் சேருது, அவ்வளவுதான். பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். கனடாவுல 1973ல சோதனைக்காக 226ஆம் எண் ஏரின்னு ஒரு ஏரியைக் குறுக்கே திரை கட்டி ரெண்டாப் பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன் போட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம்தான் பச்சையாச்சு. இங்க வசந்தகால மழையில வயல் உரமும் சாணமும் மாமீ ஆத்து வழியா வருது. அது வந்து சேர்ற மேற்குப் பகுதி சராசரியா 7 மீட்டர் ஆழம்தான், சீக்கிரம் சூடாகிடும். மைக்ரோசிஸ்டிஸ் உடம்புல காத்துப் பைகள் உண்டு, அலை அடங்கினா மேல மிதந்து வந்துடும். நீங்க பாத்தது அதுதான்.

புதுக்குடி:
அம்மாகிட்ட சொல்லிட்டேன், முறைக்கிறாங்க. நாயைக் கரைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

குழாயடி:
பச்சை தெரியுற இடத்துக்கு வேண்டவே வேண்டாம். நனைஞ்ச முடியை நக்கியே செத்துப்போற நாய்ங்க உண்டு. இறங்கிடுச்சுன்னா அது நக்குறதுக்குள்ள நல்ல தண்ணில குளிப்பாட்டுங்க, கையுறை போட்டுக்கங்க.