மார்ஷல் ஷூக்கோவை 1957-இல் ஏன் பதவியிலிருந்து இறக்கினார்கள்?

பால்மரம் (சுங்கை சிப்புட்):
ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் 20 நிமிட வரலாற்றுப் பாடம். தலைப்பு, இரண்டாம் உலகப் போரின் சோவியத் தளபதி மார்ஷல் ஷூக்கோவ். 1946-இல் ஸ்டாலின் ஒதுக்கினார், 1957-இல் குருஷேவ் ஒதுக்கினார். இரண்டுக்கும் பொறாமைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா?

செம்மண் சாலை:
அப்படிச் சொன்னால் 1957 புரியாமலே போய்விடும் சார். அந்த ஜூனில் மூத்த தலைவர்கள் மாலென்கோவ், மொலொட்டோவ், ககனோவிச் சேர்ந்து, கட்சியின் உச்சக் குழுவான பிரசிடியத்தில் கட்சித் தலைவர் குருஷேவைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். பெரும்பான்மை அவர்கள் பக்கம். பிரசிடியத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மத்தியக் குழு கூடினால்தான் குருஷேவுக்குப் பிழைப்பு; உறுப்பினர்களோ நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ராணுவ விமானங்களில் அவர்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் முன்னின்றவர், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஷூக்கோவ். 1953-இல் ரகசிய போலீஸ் தலைவர் பெரியாவைக் கைது செய்ததிலும் அவர் கை உண்டு. இப்படிப்பட்டவர் அடுத்த முறை எதிர்ப்பக்கம் நின்றால்? குருஷேவுக்கு வந்த பயம் இதுதான். பிள்ளைகளை இந்த இடத்தில் 5 நிமிடமாவது நிறுத்துங்க.

ஈயக்குட்டை:
இறக்கின விதத்தையும் தேதியோடு சொல்லுங்க. அக்டோபர் 4, செவஸ்தபோலில் குயிபிஷேவ் போர்க்கப்பல் ஏறி யுகோஸ்லாவியா போனார், பிறகு அல்பேனியா. அவர் ஊரில் இல்லாத மூன்று வாரத்தில், ராணுவத்துக்குள் நடந்த கட்சிக் கூட்டங்களில் அவர்மேல் புகார்களைக் குவித்தார்கள். தோட்டத்தில் கங்காணி இல்லாத பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) கங்காணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி என்றால் நம்ம பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். 26-ஆம் தேதி விமானத்தை விட்டு இறங்கியவரை நேராகப் பிரசிடியக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே பாதுகாப்பு அமைச்சர் பதவி போய், மலினோவ்ஸ்கி வந்தார். 28, 29-இல் கூடிய மத்தியக் குழு பிரசிடியத்திலிருந்தும் மத்தியக் குழுவிலிருந்தும் நீக்கியது.

முக்கியக் குற்றச்சாட்டுகள் இரண்டு. படையில் கட்சி அரசியல் அதிகாரிகளின் பிடியைத் தளர்த்தினார். மத்தியக் குழுவிடம் சொல்லாமல் நாசவேலைப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கட்சிச் செயலாளர் சுஸ்லோவ், அவருடைய தற்பெருமைக்குச் சான்றாக ஓர் ஓவியத்தைக்கூட இழுத்தார்: முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரைமேல் ஷூக்கோவ், பின்னால் எரியும் பெர்லின்.

பால்மரம்:
நன்றி. உரால் பக்கம் அனுப்பியது இதற்குப் பிறகா?

செம்மண் சாலை:
இல்லை சார், பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. 1946-இல் விமானப்படைத் தளபதி நோவிகோவைக் கைது செய்து, வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலத்தை வைத்து ஷூக்கோவை ஒடெஸ்ஸாவுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பொருள்களைக் காட்டி 1948-இல் உரால். இரண்டும் ஸ்டாலின் காலம். 1957-இல் எங்கும் அனுப்பவில்லை, மார்ஷல் பட்டத்தையும் பறிக்கவில்லை; 1958 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிவிடுங்க.