முதல் வரைபிலேயே ஓரமும் எழுத்துருவும் பார்க்க வேண்டுமா?

இரணைமடு_23:
இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரைச் சிறுபோகத்துக்கு (வருடத்தின் இரண்டாம் நெற்போகம்) பங்கு பிரிப்பது பற்றி வகுப்புக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை. வெள்ளிக்கிழமை முதல் வரைபு கொடுக்க வேண்டும். ஏபிஏ முறை (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள், வடிவமைப்பு விதிகள்), இரட்டை வரி இடைவெளி, நாலு பக்கமும் 1 அங்குல ஓரம் என்று மிஸ் தாள் தந்திருக்கிறா. நாலு கமக்காரரோடு கதைத்த குறிப்புகள் கொப்பியில் கிடக்கின்றன, இன்னும் ஒரு பந்திகூட எழுதவில்லை. முதல் வரைபுக்கே இந்த அலங்காரமெல்லாம் தேவையா?

புழுதிவிதைப்பு:
தேவையில்லை தங்கச்சி. உழவே இல்லை, அதற்குள் வரம்பை மெழுகுவதா? நான் என் ஒப்படைக்கு முகப்புப் பக்கம் செய்யவே இரண்டு இரவு செலவழித்தேன். "உமது ஆய்வுக் கேள்வி எங்கே?" என்று ஒரே வரி எழுதித் திரும்பி வந்தது. முன்னுரையை விடும். கமக்காரர் சொன்னதிலிருந்து தொடங்கும். தெரியாத இடத்தில் "இங்கே நீர்மட்டம் வரவேண்டும்" என்று மஞ்சள் பூசிவிட்டு மேலே போம்.

தட்டச்சுக்கடை:
கிளிநொச்சியில் கொமினிக்கேஷன் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை, பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பாதி யுனிகோட்டிலும் அடித்த வரைபோடு வந்தது. அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் பாமினிப் பகுதி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். தலைப்புகளை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஒரு சொல்லைத் திருத்தினால் எல்லாம் இடம் மாறும். முதல் நாளே யுனிகோட்டில் தொடங்கி, தலைப்புக்கு வேர்டில் ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. உள்ளடக்கப் பட்டியலும் அதிலிருந்தே எடுக்கலாம்.

புழுதிவிதைப்பு:
உங்களுக்கு அது வியாபாரம் அண்ணை.

தட்டச்சுக்கடை:
வியாபாரம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேனே. கடைசி இரவில் ஓடி வந்தால்தான் எனக்குக் காசு.

பழைய_நூலகர்:
இரண்டு பேரும் ஓரத்தையும் எழுத்துருவையும் வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். அவை கடைசி நாளிலும் சரிசெய்யக்கூடியவை. பிறகு சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது: எடுத்த செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்பது. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டிலிருந்து ஒரு வரி எடுத்தால், அந்த வரிக்குப் பக்கத்திலேயே பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் போட்டுவிடுங்கள். வரைபு எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு தேடலாம் என்று விட்டவர்கள் அந்தத் தடித்த புத்தகத்தை மறுபடி முழுக்கப் புரட்டியதைக் கண்டிருக்கிறேன்.

பெயரிலும் கவனம். நம் முன்னெழுத்து அநேகமாகத் தகப்பன் பெயருடையது, குடும்பப் பெயர் அல்ல. க. கைலாசபதியை உசாத்துணைப் பட்டியலில் "கைலாசபதி, க." என்று எழுத வேண்டும். மென்பொருளில் பெயரை மாற்றிப் போட்டால் அவர் "க" ஆகிவிடுவார்.

புழுதிவிதைப்பு:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். கமக்காரர் சொன்னதற்கு "தனிப்பட்ட தொடர்பு" என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் முடிந்தது, பட்டியலில் வரத் தேவையில்லை.

பழைய_நூலகர்:
பட்டியலில் வராது என்பது சரி. ஆனால் அவர்கள் இந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள். 2019இல் வந்த ஏபிஏ 7ஆம் பதிப்பின்படி அவர்களைத் தனிப்பட்ட தொடர்பாகக் காட்டக் கூடாது. எப்படிக் கண்டு கதைத்தீர்கள் என்பதை முறையியலில் எழுதி, "கமக்காரர் 1", "கமக்காரர் 2" என்று குறித்தால் போதும்.

தட்டச்சுக்கடை:
அந்தப் பதிப்பில் மாணவர் கட்டுரைக்கு ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் தலைப்பு போடத் தேவையில்லை, பக்க எண் போதும். பழைய மாதிரியைப் பார்த்து அடிக்க வேண்டாம்.

இரணைமடு_23:
நன்றி ஐயா, அண்ணைமாரே. ஓரம், இடைவெளி, ஹெடிங் மட்டும் இன்றிரவு செட் பண்ணிவிட்டு, மிச்சத்தை மஞ்சள் பூசிப் பூசி எழுதப் போகிறேன். ஒரு சிக்கல்: கமக்காரர் 3 என் சொந்த மாமா. பங்கு குறைந்தது என்று மற்ற மூன்று பேரையும்விட அவர்தான் கூடக் கோபப்பட்டார்.

பழைய_நூலகர்:
அவர் சொன்னதை வெட்ட வேண்டாம். உறவுமுறையை முறையியல் பகுதியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள் பிள்ளை. மிஸ் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.