வாய் மட்டும் அசைகிற பொம்மைகள்

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிறு, காலை 9:40

ரவி சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஒரு புகார். கவின் இராத்திரி இரண்டு மணி வரை ஜப்பான் பொம்மைப் படம் பார்க்கிறான். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிற பையன். யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

கவின்: அப்பா, இதைக் குழுவில் போட வேண்டுமா? அப்புறம், அது பொம்மைப் படம் இல்லை, அனிமே.

செல்வம் பெரியப்பா: கத்தரிக்காயைப் பிரிஞ்சால் என்று கூப்பிட்டால் காரல் போய்விடுமா?

செல்வம் பெரியப்பா: எங்கள் காலத்திலும் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் மௌக்லி. கையில் இட்லித் தட்டோடு பாதித் தெரு நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்காரும். ஹிந்தி ஒரு வார்த்தை புரியாது, பாட்டு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நம் நாட்டுக் காடு, நம் நாட்டுக் கரடி. அது தரம்.

கவின்: இலக்கியா அக்கா, நீயே சொல்லிவிடு 😀

இலக்கியா: பெரியப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஜப்பான்தான்.

செல்வம் பெரியப்பா: சும்மா இரு பாப்பா.

இலக்கியா: நிஜமாக. நிப்பான் அனிமேஷன் என்கிற நிறுவனம் எடுத்தது. அங்கே டி.வி.யில் 1989-இல் தொடங்கி 52 பகுதி ஓடியது. நீங்கள் 1993-இல் பார்த்தது ஹிந்தி டப்பிங். அந்தப் பாட்டு மட்டும் இங்கே சேர்த்தது. குல்சார் எழுதினார், விஷால் பரத்வாஜ் இசை.

மல்லிகா அத்தை: அண்ணா டைப்பிங் என்று காட்டுகிறது, நின்றுவிடுகிறது, மறுபடியும் காட்டுகிறது.

செல்வம் பெரியப்பா: முப்பது வருடமாக ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லையே.

இலக்கியா: நீங்கள் மட்டும் ஏமாறவில்லை பெரியப்பா. 1974-இல் ஹைடி என்று ஒரு தொடர், ஆல்ப்ஸ் மலைச் சிறுமியின் கதை. இசாவோ தகாஹாதா இயக்கினார். பின்னாளில் இயக்குநராக உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி ஒவ்வொரு காட்சியிலும் எது எங்கே வரும் என்று அமைப்பு வரைந்து கொடுத்தார். குழுவே சுவிட்சர்லாந்துக்குப் போய் மலை, குடிசை எல்லாம் பார்த்துவிட்டு வந்து வரைந்தது. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அதைப் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேர் அது தங்கள் பக்கத்துப் படம் என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

கவின்: சுபாசா என்று ஒரு கால்பந்துத் தொடர் இருக்கிறது. அரபு டப்பிங்கில் அவன் பெயர் கேப்டன் மாஜித். 2004-இல் ஈராக்கில் சமாவா ஊருக்கு ஜப்பான் தந்த தண்ணீர் லாரிகளில் மாஜித் படத்தைத்தான் ஒட்டினார்கள். ஜப்பான் கொடியைவிடப் பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் பழக்கம்.

ரவி சித்தப்பா: சரி, அதெல்லாம் இருக்கட்டும். நானும் ஒரு நாள் இவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவன் மலை உச்சியில் நிற்கிறான். தலைமுடி மட்டும் காற்றில் ஆடுகிறது. பேசுகிறான், பேசுகிறான், வாய் மட்டும் திறந்து மூடுகிறது. உடம்பில் ஒரு அசைவு கிடையாது. எதிரியும் வாளைப் பிடித்தபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இதற்கா இரண்டு மணி வரை முழிப்பு?

இலக்கியா: சித்தப்பா, தெரியாமலே வேர் வரைக்கும் போய்விட்டீர்கள். அந்த ஆடாத உடம்புக்கு வயது அறுபதுக்கு மேல்.

இலக்கியா: அந்த வித்தைக்கு ஜப்பானில் குச்சிபாகு என்று பெயர். குச்சி என்றால் வாய்.

மல்லிகா அத்தை: குச்சிப் பாக்கா? வெற்றிலை எங்கே?

இலக்கியா: 😂 முகத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துவிடுவார்கள். வாய் மட்டும் தனி. மூடியது ஒன்று, பாதி திறந்தது ஒன்று, முழுக்கத் திறந்தது ஒன்று. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தால் ஒரு பக்க வசனத்தையும் பேசி முடித்துவிடலாம். இருங்கள், காட்டுகிறேன்.

இலக்கியா: [படம்]

இலக்கியா: பாட்டி முகம் ஒன்று, வாய் மூன்று. ஐந்து நிமிடத்தில் வரைந்தது.

மல்லிகா அத்தை: அம்மாவிடம் காட்டினேன். மூன்று வாயிலும் பல்லே இல்லை, இருக்கிற நாலு பல் எங்கே என்று கேட்கிறாள்.

உமா சித்தி: ஏன் அப்படிச் செய்கிறார்கள்? முழுதாக வரைய வராதா?

இலக்கியா: வரும் சித்தி. காசு வராது.

காலை 10:25

இலக்கியா: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1917-லேயே தொடங்கிவிட்டார்கள். மொக்கை வாள் வாங்கி ஏமாறும் சாமுராய் பற்றி அந்த வருடத்துச் சின்னப் படம் ஒன்று இருக்கிறது. தொலைந்தே போயிற்று என்று நினைத்திருந்தார்கள், ஒசாகாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் பிரதி கிடைத்தது. அப்புறம் போர்க்காலம். 1945-இல் கடற்படை காசு கொடுத்து ஒரு முழுநீளப் பிரச்சாரப் படம் எடுக்க வைத்தது. குண்டு விழுந்து கருகிக் கிடந்த ஒசாகாவில் ஒரு பதினாறு வயதுப் பையன் அதைப் பார்த்து அழுதான். அவர்தான் ஒசாமு தெசுகா.

இலக்கியா: பிறகு அவர் காமிக்ஸ் வரைந்து பெரிய ஆளாகி, அந்தக் காசில் சொந்த ஸ்டூடியோ போட்டார். 1963 ஜனவரி 1, அவர் எடுத்த ஆஸ்ட்ரோ பாய் தொடர் டி.வி.யில் வந்தது. வாரம் அரைமணி நேரம், வாராவாரம். சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம், ஓடும். தெசுகா ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினார், நொடிக்கு 8 படம் போதும். ஒரு நிமிடத்துக்கு 1,440 படத்துக்குப் பதில் 480. அதிலும் மிச்சம் பிடிக்கத்தான் வாய் மட்டும் அசைவு. ஆஸ்ட்ரோ பாயை ஒரு தடவை பறக்க வைத்து வரைந்ததைப் பத்திரப்படுத்தி, அடுத்த மாதமும் அதையே பறக்க விடுவார்கள்.

செல்வம் பெரியப்பா: பழைய சாதத்துக்குப் புதுத் தாளிப்பு.

இலக்கியா: அதேதான் பெரியப்பா! ஆனால் தாளிப்பு பிரமாதம். உடம்பு அசையாததால் கண்ணில், கேமரா கோணத்தில், கதையில் உழைத்தார்கள். அசையாமல் நிற்பதே ஒரு அழகாக மாறிவிட்டது.

கவின்: அப்பா, குறித்துக்கொள்ளுங்கள். அழகு.

ரவி சித்தப்பா: நீ வாயை மூடு. மூன்றாவது தாள் போதும்.

இலக்கியா: இது முதல் தாள் சித்தப்பா, மூடியது 😄

உமா சித்தி: எனக்குக் கண் கவலைதான். இருட்டில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறான்.

இலக்கியா: சித்தி, அதில் நான் உங்கள் கட்சி. 1997 டிசம்பரில் போகிமான் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் படபடவென்று மாறி மாறி மின்னியது. அன்று இரவே ஜப்பானில் 685 பேரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். வலிப்பு, வாந்தி, தலைசுற்றல். அதற்குப் பிறகுதான் அங்கே நிகழ்ச்சி தொடக்கத்தில், அறையில் வெளிச்சம் வைத்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று எழுத்துப் போடும் வழக்கம் வந்தது.

உமா சித்தி: இதைத்தானே நானும் தினம் சொல்கிறேன். எனக்கு எந்த டி.வி.யிலும் எழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்.

மல்லிகா அத்தை: சரி, இது எப்படி உலகம் பூராவும் போயிற்று? விளம்பரம் செய்தார்களா?

இலக்கியா: அதுவும் மலிவால்தான் அத்தை. ஆஸ்ட்ரோ பாயை 1963-லேயே அமெரிக்கா வாங்கிவிட்டது. எழுபதுகளில் ஐரோப்பிய டி.வி.க்காரர்களுக்குப் பிள்ளைகள் நேரத்தை நிரப்பச் சரக்கு வேண்டியிருந்தது. ஜப்பானில் ஏற்கெனவே எடுத்து முடித்த தொடர்கள் குவியலாக, குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1978-இல் பிரான்சில் கோல்டோராக் என்ற ரோபோ தொடர் வந்ததும் பெற்றோர்கள் எல்லாம் சித்தப்பா மாதிரியே குழந்தைகள் கெட்டுப்போகின்றன என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போகிறார்கள்.

கவின்: 2020-இல் வந்த டீமன் ஸ்லேயர் அனிமே படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென் வசூலைத் தாண்டியது, அதுவும் கொரோனா நேரத்தில். இப்போது மொத்த அனிமே வியாபாரத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது அப்பா.

ரவி சித்தப்பா: இவன் புள்ளிவிவரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பி.காமை விட்டுவிட்டு வரையப் போகிறேன் என்று நேற்று சொன்னான். அதுதான் என் உண்மையான புகார்.

(ஐந்து நிமிடம் யாரும் எழுதவில்லை.)

செல்வம் பெரியப்பா: இலக்கியா, நீ அந்தத் தொழிலில் இருக்கிறவள். உள்ளதைச் சொல்.

இலக்கியா: சொல்கிறேன். கவின், நீயும் படி. தெசுகா அந்த முதல் தொடரை ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கு டி.வி.க்குக் கொடுத்தார். மிட்டாய் கம்பெனி சாக்லேட்டோடு கொடுத்த ஸ்டிக்கர், பொம்மை உரிமை, இதிலெல்லாம் ஈடுகட்டினார். அந்த விலையே பின்னால் வந்தவர்களுக்கும் வாடிக்கையாகிவிட்டது. அவர் தொடங்கிய கம்பெனி 1973-இல் திவால். 1989-இல் அவர் இறந்தபோது மியாசாகி இதைக் குறையாகவே எழுதினார். இன்றைக்கும் அங்கே இடைப்படம், அதாவது ஒரு அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வருகிற படங்கள், வரைகிற புதுப் பிள்ளைகளுக்கு நிறைய இடங்களில் தாள் கணக்கில்தான் கூலி, ஒரு தாளுக்குச் சில நூறு யென். தெசுகாவைக் கும்பிடவும் தோன்றும், திட்டவும் தோன்றும் எனக்கு. மலிவாக இல்லாவிட்டால் இத்தனை தூரம் பரவியிருக்காது. அந்த மலிவுக்கான விலையை இன்னும் வரைகிறவன் கைதான் கட்டிக்கொண்டிருக்கிறது.

இலக்கியா: என் கதையும் தெரியுமே. முதலில் சேர்ந்த இடத்தில் மூன்று மாதச் சம்பளம் தவணையில் வந்தது.

கவின்: அப்படியென்றால் நீ ஏன் அக்கா இன்னும் அதிலேயே இருக்கிறாய்?

இலக்கியா: பாட்டிக்கு மூன்று வாய் வரைந்தேனே, அந்த ஐந்து நிமிடத்துக்காக. ஆனால் நீ டிகிரியை முடி. தினம் ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் கால் வரைந்து எனக்கு அனுப்பு. ஒரு வருடம் விடாமல் அனுப்பினால் நானே சித்தப்பாவிடம் பேசுகிறேன்.

ரவி சித்தப்பா: ஒரு வருடமா? இவன் ஒரு வாரம் விடாமல் குளித்ததில்லை. சரி, அனுப்பட்டும்.

மல்லிகா அத்தை: அம்மா கேட்கிறாள், சாமி படம் எதுவும் ஜப்பான்காரன் எடுக்கவில்லையா?

கவின்: ராமாயணமே எடுத்திருக்கிறார்கள்! போன வருடமோ அதற்கு முன்போ தமிழிலும் தியேட்டருக்கு வந்ததே.

இலக்கியா: 2025 ஜனவரியில். எடுத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே. யூகோ சாகோ என்பவர் 1983-இல் இங்கே அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர், ராமாயணத்தில் மனம் போய்விட்டது. அப்போது ஜப்பான்காரர் ராமனை கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பும் வந்தது. நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்துதான் இயக்கினார். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களை எப்படி வணங்குவது என்று ஜப்பான் ஓவியர்களுக்கு இங்கிருந்து போனவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

செல்வம் பெரியப்பா: மௌக்லியும் போயிற்று, ராமனும் போயிற்று.

மல்லிகா அத்தை: ராமனுக்காவது உடம்பு ஆடுமா, இல்லை வாய் மட்டும்தானா என்று அம்மா கேட்கிறாள்.

இலக்கியா: ஆடும் பாட்டி. அது சினிமா, டி.வி. பட்ஜெட் இல்லை. வில்லை நன்றாகவே வளைப்பார்.

ரவி சித்தப்பா: கவின், சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டு. கூடவே அந்த அக்கவுண்ட்ஸ் புத்தகத்தையும் எடு.

செல்வம் பெரியப்பா: ஆறு மணிக்குத் தொடங்குங்கள், நானும் வருகிறேன். விளக்கை அணைக்க வேண்டாம், உமா திட்டுவாள்.

மல்லிகா அத்தை: வரும்போது அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வா கவின். சீவல் பாக்கு. குச்சிப் பாக்கு வேண்டாம்.